விட்டுக்கொடுக்கும் பற்சக்கரம்

ஒரு பிக்கப் வண்டியை வெட்டவெளியில் ஒரு முழு வட்டம் சுற்றவிடுங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வட்டம் முடியும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட ஏறக்குறைய 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதா பெரியதா என்பது இந்தக் கணக்கில் வராது. தெருமுனையில் திரும்பிச் சுற்றினாலும் ஊரையே வலம் வந்தாலும் வித்தியாசம் அதே 9.4 மீட்டர்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் அவ்வளவு தூரத்தையும் டயர்தான் தரையில் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும். டயர் தேயாத அளவுக்குத் தரை கெட்டியாகப் பிடித்தால் தண்டு முறுக்கேறும், கடைசியில் எங்கோ ஓரிடத்தில் முறியும். இந்த 9.4 மீட்டருக்காகப் பிறந்ததுதான் டிஃபரன்ஷியல்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு அசையாமல் இருக்கும், சக்கரங்கள் அதில் தத்தம் போக்கில் உருளும். இழுப்பது மாடு, சக்கரத்துக்கு உருள்வதைத் தவிர வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவி எந்திரம் சாலைக்கு வந்தபோதுதான் சக்கரமே வண்டியை உந்த வேண்டியதாயிற்று. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டி உந்தினால் திருப்பத்தில் இழுபறி. ஒன்றை மட்டும் உந்தினால் வண்டி ஒரு பக்கமாகவே போகப் பார்க்கும். பாரிஸில் கடிகாரத் தொழிலிலிருந்து வந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் தன் நீராவி வண்டிக்காக 1828இல் பெற்ற காப்புரிமையில் இதற்கு விடை இருந்தது. விடை ஒரு கடிகாரக்காரரிடமிருந்து வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஒரு பற்சக்கரத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, இரண்டு சுழற்சிகளைக் கூட்டவும் கழிக்கவும் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கை பழகியிருந்தது.

இன்றைக்கும் பிக்கப்பின் பின் ஆக்சில் நடுவில் உருண்டு புடைத்திருக்கும் ஹவுசிங்கைத் திறந்தால் பெக்கரின் ஏற்பாடுதான் உள்ளே இருக்கிறது. முதலில் 90 நம்பர் கியர் ஆயில் வழியும். கந்தக நெடி மூக்கில் ஏறும். வடிகால் திருகின் முனையில் காந்தம் வைத்திருந்தால் இரும்புத் துகள் கருப்புக் குழம்பாக அதில் ஒட்டியிருக்கும். அந்தக் குழம்பை விரலால் நசுக்கிப் பார்த்தே மெக்கானிக்குகள் பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள்: மாவாக இருந்தால் இயல்பான தேய்மானம், சில்லுகளாக நெருடினால் பல் உடைந்திருக்கிறது. அடுத்துக் கண்ணில் படுவது கிரவுன் வீல். கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியன் அதைச் சுழற்றும். கிரவுனோடு சேர்த்து முடுக்கிய கூண்டு ஒன்று. கூண்டின் குறுக்கே ஒரு தண்டு. அதில் இரண்டோ நான்கோ சின்னப் பற்சக்கரங்கள். அவற்றோடு பற்களைக் கோத்தபடி இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனியே ஒரு பற்சக்கரம். நேர்ச்சாலையில் கூண்டு மொத்தமாக உருளும். சின்னவை தம் இடத்தில் அசையாமல் கிடக்கும். திருப்பம் வந்தால் அவை மெல்லச் சுழன்று, ஒரு பக்கம் குறைந்த சுற்றை மறுபக்கத்துக்குக் கொடுக்கும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான பேச்சு உண்டு. பிடிப்பில்லாத சக்கரத்துக்கே டிஃபரன்ஷியல் எல்லா வலுவையும் அனுப்பிவிடுகிறது என்பார்கள். அப்படி இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தருகிறது. ஒரு குண்டுமணி கூடாது, குறையாது. அதன் சிக்கலே அந்தச் சமத்துவம்தான். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று இழுக்காமல் நின்றுவிட்டால் தடி கோணிக்கொண்டு போகுமே தவிர, மறுமாட்டின் வலு வண்டிக்கு வந்து சேராது. டிஃபரன்ஷியலும் அப்படித்தான். இடது சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழல்கிறது என்றால், அதைச் சுழற்ற அற்ப விசை போதும். அந்த அற்ப விசையே வலது சக்கரத்துக்கும் கிடைக்கும். வலது சக்கரம் காய்ந்த பாறைமேல் நின்றாலும் சும்மா நிற்கும். இதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த நூறாண்டில் இந்தப் பொருளுக்கு நேர்ந்ததெல்லாம் புரியும்.

பெக்கருக்குப் பிறகு இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் இதை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். மூன்று, நான்கு சக்கர மிதிவண்டிகளில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்கும்போது, வலுவாக மிதிப்பவர் வண்டியைத் தன் விருப்பப்படி திருப்பிவிடுவார். சமமாகப் பங்கிடும் பற்சக்கரம் அதைச் சரிசெய்தது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது, பின் சக்கரங்களுக்குச் சங்கிலி புறப்படும் குறுக்குத் தண்டில்.

பிக்கப்போடு இது சேர்ந்த கதை அமெரிக்காவில். ஃபோர்டின் மாடல் டி காரை வாங்கிய விவசாயிகள் பின்பக்கத்தை வெட்டி மரப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நிறுவனமே 1925இல் சரக்குப் பெட்டி வைத்த மாடல் டியை விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். அதன் டிஃபரன்ஷியலில் மூன்று சின்னப் பற்சக்கரங்கள். விசையைத் தாங்கும் வளையங்கள் பாபிட் என்ற மெத்தென்ற உலோகக் கலவையால் ஆனவை. அவை காலப்போக்கில் நொறுங்கும். பழைய மாடல் டியை மீட்டெடுப்பவர்கள் இன்றும் முதல் வேலையாக அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெண்கல வளையம் போடுகிறார்கள்.

அந்தக் கால விவசாயிகளை நினைக்கும்போது எனக்கு மதிப்பு கூடுகிறது. டிஃபரன்ஷியலின் குறையையே அவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். மற்றது தரையில் நிற்கும், வண்டி நகராது. எஞ்சினை ஓட்டினால் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும், அதுவும் கிரவுனைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில். அதில் பெல்ட்டை மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டியில் நடப்பதும் இதேதான். அங்கே பெல்ட் இல்லை, அவ்வளவே.

1941இல் வில்லிஸ் எம்பி ஜீப் போருக்குப் புறப்பட்டது. நான்கு சக்கர ஓட்டம் இருந்தும் அதன் முன், பின் டிஃபரன்ஷியல்கள் பூட்டு எதுவும் இல்லாத சாதாரண வகைதான். நான்கு சக்கர ஓட்டம் என்றதும் நான்கும் சேர்ந்து இழுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நெம்புகோலைப் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகச் சுழலும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. ஒவ்வோர் ஆக்சிலிலும் ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், ஜீப் நின்றுவிடும். குறுக்குவாட்டில் இரண்டு பள்ளங்கள் உள்ள பாதையில் முன் இடதும் பின் வலதும் ஒன்றாக அந்தரத்தில் தொங்கும். அவை இரண்டும் ஓயாமல் சுழல, தரையில் ஊன்றிய இரண்டும் கல்லாய் நிற்கும். நம் நாட்டில் மஹிந்திரா 1940களின் இறுதியில் கட்டத் தொடங்கிய ஜீப்புகளும் இதே குணத்தோடு வந்தவை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை வழியே 1953 முதல் ஜீப்காரர்கள் கூட்டமாகப் போகிறார்கள். பாறைக்குப் பாறை அவர்கள் சந்தித்தது இந்தக் குறுக்குப் பள்ளத்தைத்தான்.

சமத்துவத்தைக் கொஞ்சம் குலைத்தால் என்ன என்ற யோசனை பந்தயக் களத்திலிருந்து வந்தது. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் எஞ்சினின் வலு மிகுந்துபோய், ஓட்டத்தின் நடுவிலேயே ஒரு பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. ஃபெர்டினாண்ட் போர்ஷே கேட்டுக்கொண்டதன் பேரில் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ‘லிமிடெட் ஸ்லிப்’ டிஃபரன்ஷியலைச் செய்து தந்தது. அமெரிக்கச் சாலைக்கு அது 1956இல் பேக்கார்டு கார்களோடு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் செவ்ரோலே அதைப் பாசிட்ராக்‌ஷன் என்ற பெயரில் புகழ்பெறச் செய்தது. கூண்டுக்குள் கிளட்ச் தட்டுகளை அடுக்கி, இரு பக்கமும் தறிகெட்டுப் பிரிந்து ஓடாமல் உராய்வால் பிடித்து வைப்பதுதான் அதன் வழி. 1992இல் வந்த ‘மை கசின் வின்னி’ படத்தில் ஒரு கொலை வழக்கே இதை வைத்துத்தான் தீர்கிறது. தப்பித்துப் போன கார் தரையில் இரண்டு சமமான டயர் தடங்களை விட்டிருக்கும்; சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண், குற்றம் சாட்டப்பட்டவர்களின் 1964 பியூக்கில் பாசிட்ராக்‌ஷன் கிடையாது, ஆகவே அந்தத் தடம் அதனுடையது அல்ல என்று நிறுவுகிறாள். டிஃபரன்ஷியலைச் சோதிக்க மிக எளிய வழி அதுதான். ஆக்சிலரேட்டரை அழுத்திக் கிளம்பிய இடத்தில் ஒரு கோடா, இரண்டு கோடா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் பிக்கப்பின் தேவை வேறு. காலிப் பெட்டியோடு ஓடும்போது அதன் பின்பக்கம் இலேசானது. எஞ்சினின் எடை முன்னால் அழுத்த, உந்த வேண்டிய பின் சக்கரங்கள் கனமின்றித் துள்ளும். அதே வண்டி முக்கால் டன் ஏற்றினால் முற்றிலும் வேறு வண்டி. உராய்வுத் தட்டுகள் எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் சாலைத் திருப்பங்களில் தேய்ந்துகொண்டே வரும். சாலையில் முழுச் சுதந்திரம், சேற்றில் முழுப் பூட்டு, நடுவில் ஓட்டுநரின் கை எதற்கும் வேண்டாம்: இப்படி ஒன்று தேவைப்பட்டது. அதை ஈட்டன் நிறுவனம் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973இலிருந்து தன் பிக்கப்களில் அதைக் கொடுக்கத் தொடங்கியது. ஜி80 என்பது அதன் விருப்பக் குறியீடு.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த எந்திரம் இதுதான். மின்சாரம் இல்லை, காற்று இல்லை, பொத்தான் இல்லை. கூண்டுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னத் தண்டு. அதன் உடலில் இரண்டு சிறு எடைகள், சுருள்வில் அவற்றை உள்ளே இழுத்து வைத்திருக்கும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே ஓடினால் தண்டு சும்மா இருக்கும். சாலைத் திருப்பத்தில் சற்றே சுழலும். ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று கூடுதலாக ஓடும்போது தண்டு அதிவேகமாகச் சுழன்று, எடைகள் சுருள்வில்லை மீறி வெளியே விரியும். விரிந்த எடை பக்கத்திலிருக்கும் ஒரு கொக்கியில் போய் மாட்டும். தண்டு அந்த நொடியே நின்றுவிடும். தண்டோடு பல் கோத்திருக்கும் சரிவுவளையமும் நிற்கும். ஆனால் அதன் மேல் சாய்ந்திருக்கும் பக்கப் பற்சக்கரம் இன்னும் ஓடப் பார்க்கிறது. ஓட முடியாமல் சரிவில் ஏறி, கிளட்ச் தட்டுகளை நெருக்கி அழுத்துகிறது. வழுக்கும் சக்கரம் தன் சொந்த வேகத்தாலேயே தன்னைப் பூட்டிக்கொள்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகின்றன. நெருக்கடி தீர்ந்து ஆக்சிலரேட்டரை விட்டால் தானாகப் பிரியும்.

அந்தக் கொக்கியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும்போது, கூண்டின் சுழற்சியே கொக்கியை வெளிப்புறமாகத் தள்ளி எடைகளிடமிருந்து விலக்கிவிடும். வேகமாகப் போகையில் பனிக்கட்டியில் ஒரு சக்கரம் வழுக்கி, ஆக்சில் திடீரெனப் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கிச் சுழலும். அது நேரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எத்தனை வேகத்தில் உதவ வேண்டும், எத்தனை வேகத்தில் உதவவே கூடாது என்கிற இரண்டு முடிவுகளையும் இரும்புத் துண்டுகளின் எடையிலும் வில்லின் இறுக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு 2.4 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்துக்கு அது வெறுமனே சுழன்ற பிறகே பூட்டு விழும். மென்மையான மண்ணில் அதற்குள் சக்கரம் தனக்கே குழி தோண்டியிருக்கும். பொறுமையிழந்த ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலோ, சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்போது பூட்டு விழுந்து, அத்தனை வேகமும் ஒரே அடியாகப் பற்களில் இறங்கும். கூண்டு பிளந்த கதைகள் அமெரிக்க பிக்கப்காரர்களிடம் நிறைய உண்டு. இதற்கு வெடிகுண்டு என்றே பட்டப்பெயர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். என் பார்வையில் பழி பெரும்பாலும் காலைச் சேரும். மெல்ல, சீராக மிதித்தால் பூட்டு ஒரு சின்ன ‘டக்’ ஒலியோடு விழுந்துவிடும்.

ஓட்டுநரின் கையில் முடிவை விடுவது இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவில் ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற பெயரில் பிறந்த ஒரு பூட்டை மெல்போர்னின் ஏஆர்பி நிறுவனம் 1987இல் வாங்கி உலகமெங்கும் கொண்டுபோனது. பொத்தானை அழுத்தினால் சிறு கம்ப்ரஸரிலிருந்து காற்று ஆக்சிலுக்குள் போய் ஒரு வளையத்தை நகர்த்தும். பக்கப் பற்சக்கரம் கூண்டோடு பிணைந்துவிடும். அதன் பிறகு வழுக்கலுக்கு இடமே இல்லை. ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்கள் இதே வேலைக்கு மின்மோட்டாரையும் மின்காந்தத்தையும் வைத்தன. 2003இல் ஜீப் ராங்ளர் ரூபிகான், 2005இல் ராம் பவர் வேகன் பிக்கப், 2017இல் செவ்ரோலே கொலராடோ இசட்ஆர்2 ஆகியவை முன்னும் பின்னும் பூட்டோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் ஆக்சிலுக்கு மட்டும் பொத்தான் உண்டு.

பூட்டு நம் ஊருக்குப் புதிதல்ல. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு அது குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெடல். சேற்றுழவில் ஒரு பின் சக்கரம் ஓரிடத்திலேயே அரைக்கத் தொடங்கினால் குதிகாலை வைத்து அழுத்துவார்கள். இரண்டும் சேர்ந்து இழுத்துக் கரையேறும். அழுத்திய நிலையில் திருப்பக்கூடாது என்பதை அப்பாக்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். டிராக்டரில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடலும் உண்டு. வயல் மூலையில் சட்டென்று திரும்புவதற்காக வைத்தது அது. கைதேர்ந்தவர்கள் வழுக்கும் பக்கத்து பிரேக்கை மட்டும் லேசாக மிதித்து மறுபக்கத்தை இழுக்க வைப்பார்கள். சமமாகவே தருவேன் என்று நிற்கும் டிஃபரன்ஷியலிடம், வழுக்கும் சக்கரத்துக்கும் விசை தேவை என்று காட்டி ஏமாற்றும் வித்தை அது. இன்றைய கார்களில் உணரிகள் சக்கர வேகத்தைப் பார்த்து, கணினி பிரேக்கைப் பிடித்துச் செய்யும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதே வித்தைதான்.

இத்தனை வகையும் களத்துக்கு வந்தபின் எது எவ்வளவு உதவும் என்று அளக்க வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மிச்சிகனின் மில்ஃபோர்டில் 1924இலேயே சோதனைத் திடல் அமைத்துவிட்டது. அப்படிப்பட்ட திடல்களில் ஒரு பக்கம் தார், மறுபக்கம் தண்ணீர் தெளித்த வழுவழுப்பான ஓடு பதித்த ஏற்றம் ஒன்று இருக்கும். அதில் நடப்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டி 2,000 கிலோ. பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 500 கிலோ. தாரில் நிற்கும் வலது சக்கரம் அதன் மேலுள்ள எடையில் 80 சதவீதம், அதாவது 400 கிலோ விசை வரை தள்ளும். ஓட்டில் நிற்கும் இடது சக்கரத்துக்கு 10 சதவீதம், 50 கிலோதான். பின் சக்கரங்களால் மட்டும் உந்தி, நூற்றுக்கு இருபது ஏற்றத்தில் ஏற, சுமார் 390 கிலோ விசை வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் இடது 50 என்றால் வலதும் 50, மொத்தம் நூறு. வண்டி அசையாது. பிடிப்புள்ள பக்கத்துக்கு மூன்று மடங்கு தரும் லிமிடெட் ஸ்லிப் வகையில் 50, 150, இருநூறு. நூற்றுக்கு எட்டு ஏற்றத்தை அது தாண்டும், இருபதில் நின்றுவிடும். பூட்டியதில் 50, 400, மொத்தம் 450. ஏறிவிடும். பிரேக் வித்தையிலும் 450 வரும். ஆனால் அதற்கு இடது சக்கரத்தை 350 கிலோ அளவுக்கு பிரேக் பிடிக்க வேண்டும், எஞ்சின் 800 கிலோவுக்கான முறுக்கைத் தர வேண்டும். அந்த 350 முழுக்கப் பிரேக் தட்டில் சூடாகப் போகிறது. நீண்ட மணல் ஏற்றத்தில் சிறிது நேரத்துக்குப் பின் கணினியே பிரேக்கைக் காப்பாற்ற உதவியை நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

இதைவிடக் கண்ணுக்கு விருந்தானது உருளைச் சோதனை. இரும்புச் சட்டத்தில் உருளைகளை வரிசையாகப் பதித்து, சக்கரங்களுக்கு அடியில் வைப்பார்கள். முதலில் ஒரு சக்கரம், பிறகு குறுக்காக இரண்டு, கடைசியில் மூன்று சக்கரங்கள் உருளைமேல். ஒன்று மட்டும் தரையில். அந்த ஒன்றே வண்டியை வெளியே தள்ள வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலோடு நிற்கும் பிக்கப்பில் உருளைகள் இரைந்துகொண்டே இருக்கும், வண்டி ஊசலாடக்கூடச் செய்யாது. ஜி80 உள்ள வண்டியின் பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் உருளைமேல் இருந்தால், அது இரண்டு மூன்று சுற்று வீணாகச் சுழலும், ஆக்சிலுக்குள் ஒரு தட்டல் கேட்கும், வண்டி முன்னே பாயும். பொத்தான் பூட்டு உள்ளது சத்தமே இல்லாமல் நடந்து வெளியேறும்.

இருபது பாகை சரிவுள்ள இரும்பு மேடையில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி, வேறெந்தச் சக்கரமும் தரையை விட்டு எழும்பாமல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளப்பதும் உண்டு. அந்தத் தூரத்தை வண்டியின் முன், பின் அச்சுகளுக்கு இடையேயான நீளத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வரும் எண்தான் மதிப்பெண். இது சஸ்பென்ஷனின் தேர்வு. ஆனால் சக்கரம் தரையை விடாத வரை டிஃபரன்ஷியலுக்குச் சோதனை வருவதில்லை என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒர்க்‌ஷாப் சோதனை ஒன்று போதும். பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் இருக்க, வண்டியை கியரில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண வகை. சுற்றவே மறுத்தால் லிமிடெட் ஸ்லிப் அல்லது பூட்டு. ஜி80 மட்டும் இதில் பிடிபடாது; கை தரும் மெதுவான சுற்றுக்கு அதன் எடைகள் விரியாமல் சாதாரண வகையாகவே நடந்துகொள்ளும். அதற்காகத்தான் அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்குபவர்கள் முதலில் டாஷ்போர்டிலுள்ள சிறு பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டிய குறியீட்டுப் பட்டியலில் ஜி80 இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

சோதனை முடிவுகளைப் படிக்கும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. ஏறியதா, ஏறவில்லையா என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பெட்டி காலியாக இருந்ததா, டயரில் காற்று எவ்வளவு, பூட்டு விழும் முன் சக்கரம் எத்தனை சுற்று வீணாயிற்று, பூட்டியபின் ஸ்டீயரிங் எவ்வளவு கனத்தது, தாருக்குத் திரும்பியதும் பூட்டு உடனே விட்டதா என்பவைதான் மலையில் தனியாக மாட்டிக்கொள்பவருக்கு வேண்டியவை. பூட்டிய முன் ஆக்சிலோடு கூர்மையான திருப்பத்தை எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், வண்டி நேராகத்தான் போவேன் என்று நிற்கும்.

அமெரிக்க பிக்கப்பில் தொடங்கிய ஈட்டனின் அந்தத் தானியங்கிப் பூட்டு பின்னர் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. மஹிந்திரா தன் ஜீப் வழித்தோன்றலான ‘தார்’ வண்டியிலும், ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விற்கும் பிக்கப்பிலும் அதைப் பின் ஆக்சிலுக்குத் தேர்ந்தெடுத்தது. 2020இல் வந்த புதிய தாரின் உயர்வகைகளில் அந்த இரும்புப் பூட்டும், கணினி பிடிக்கும் பிரேக் வித்தையும் சேர்ந்தே வந்தன. அந்த வண்டி உருவானது செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலுள்ள ஆய்வு மையத்தில். 2021இல் அந்த நிறுவனம் செய்யாறு பக்கம் 454 ஏக்கரில் சோதனைத் திடலையும் திறந்தது. முன்பு பூட்டில்லாமல் குறுக்குப் பள்ளத்தில் நின்றுபோன ஜீப்பின் வாரிசுகள் இப்போது அங்கே கரடுமுரடுப் பாதைகளில் தேர்வெழுதுகின்றன.

இதற்கிடையே டிஃபரன்ஷியலே வேண்டாம் என்று சொல்லும் பிக்கப்பும் வந்துவிட்டது. 2021இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிவியன் ஆர்1டியில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு மின்மோட்டார்கள். கிரவுன் இல்லை, கூண்டு இல்லை, திருப்பத்தின் 9.4 மீட்டரை மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் மூன்று சக்கரங்கள் வழுக்கி, நான்காவதில் மட்டும் பிடிப்பு மிஞ்சும் இடத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பூட்டிய ஆக்சிலில் எஞ்சினின் வலு மொத்தமும் அந்த ஒற்றைச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நான்கு மோட்டார் வண்டியில் அந்தச் சக்கரத்துக்குச் சொந்தமான ஒரே மோட்டாரின் வலுதான் கிடைக்கும், மற்ற மூன்றும் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் உதவ வழியில்லை. பின்னால் வந்த டெஸ்லாவின் சைபர்டிரக்கில் ஓட்டுநர் பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல் இருக்கிறது.